ட்ரைஅலனினின் வடிவத்தை அகச்சிவப்பு நிறமாலையில் காண்பது எப்படி?

அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெப்டைடுப் பிணைப்பிலுள்ள கார்பனும் ஆக்சிஜனும் நீண்டு சுருங்கும் அதிர்வு, 1600 முதல் 1700 செ.மீ⁻¹ (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) வரையிலான பகுதியில் அகச்சிவப்பு ஒளியை வலுவாக உறிஞ்சுகிறது. அமைடு ஒன்று எனப்படும் இப்பட்டையின் இடமும் உருவமும் அடுத்தடுத்த பிணைப்புகள் நிற்கும் கோணத்திற்கேற்ப மாறுகின்றன. மூன்று அலனின் அமினோ அமிலங்கள் சேர்ந்த, இரண்டே பெப்டைடுப் பிணைப்புகள் கொண்ட ட்ரைஅலனின், பழகுவதற்கு மிகவும் ஏற்றது.

முதல் வேலை, மாதிரியைத் தூய்மையாக்குவது. செயற்கையாகத் தயாரித்த பெப்டைடுகளில் பெரும்பாலும், தயாரிப்பில் பயன்பட்ட அமிலத்தின் எச்சமான டிரைஃபுளோரோ அசிட்டேட் ஒட்டியிருக்கும். அது 1673 செ.மீ⁻¹ அருகில், நாம் தேடும் பட்டையின் மேலேயே உறிஞ்சும். தொடக்கத்தில் நான் பதிவுசெய்த ஒரு நிறமாலையில் அழகாக எழுந்து நின்ற சிகரத்தைப் பெப்டைடுக்கு உரியதென நம்பி, ஒரு வாரம் விளக்கம் தேடினேன். ஆகவே, மாதிரியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து உறைநிலையில் உலர்த்துவதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். உலர்ந்த தூளின் நிறமாலையில் 1200, 1140 செ.மீ⁻¹ அருகில் உள்ள கார்பன்–ஃபுளோரின் பட்டைகள் மறைந்த பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

சாதாரண நீர் 1645 செ.மீ⁻¹ அருகில் உறிஞ்சி அமைடுப் பட்டையை மூடிவிடும் என்பதால், ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வகையான டியூட்டீரியம் கொண்ட கனநீரையே பயன்படுத்த வேண்டும். 200 மைக்ரோலிட்டர் கனநீரில் 4.6 மி.கி. ட்ரைஅலனினைக் கரைத்தால் ஏறத்தாழ 0.1 மோலார் கரைசல் கிடைக்கும். டியூட்டீரிய ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து அதை நன்கு அமிலமாக்குங்கள். இரு கால்சியம் ஃபுளோரைடு சாளரங்களுக்கிடையே 50 மைக்ரோமீட்டர் இடைவெளி வைத்து, குமிழி புகாமல் கரைசலை நிரப்புங்கள்.

அதே கலத்தில், அதே அளவு அமிலமாக்கிய வெறும் கனநீரை அளந்து கழிக்க வேண்டும். கழித்த பின்னும் ரம்பப் பற்கள்போல் குறுகிய கோடுகள் தெரிந்தால், அவை கருவிக்குள் தங்கிய நீராவியினுடையவை. உலர்ந்த காற்றையோ நைட்ரஜனையோ இன்னும் சிறிது நேரம் செலுத்தி மீண்டும் அளப்பதே நல்லது.

அமில நிலையில் சுமார் 1650, 1675 செ.மீ⁻¹ ஆகிய இரு இடங்களில் பட்டைகள் தெரியும். ஜி.என். இராமச்சந்திரனும் உடன் ஆய்வாளர்களும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1963-இல் வெளியிட்ட, பெப்டைடுச் சங்கிலி திரும்பும் ஃபை, சை என்ற இரு கோணங்களின் வரைபடத்தில், ட்ரைஅலனின் நீரில் பெரிதும் விரும்பும் வடிவம் ஃபை −75°, சை 145° அருகே அமைகிறது. பாலிபுரோலின் இரண்டு எனும் நீண்ட இடச்சுருள் அது. ஆனால் அகச்சிவப்பு நிறமாலை ஒன்றை மட்டும் வைத்து இக்கோணங்களை உறுதிசெய்ய இயலாது. அதே கரைசல் சிதறடிக்கும் ஒளியைக் காட்டும் ராமன் நிறமாலையையும், இடப்புறமும் வலப்புறமும் சுழலும் அகச்சிவப்பு ஒளியை அது உறிஞ்சும் அளவுகளின் வேறுபாடான அதிர்வுசார் வட்ட இருநிறமையையும் சேர்த்து அளந்து, மூன்றிலும் பட்டைகளின் செறிவு விகிதம் ஒரே கோணங்களுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.