முள் எப்போது ஏறுகிறது என்று பாருங்கள்

புனித வெள்ளிக்குத் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரை ஒட்டிய மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்கு வந்துவிட்டு ஜோகன்னஸ்பர்க் திரும்புகிறவர்கள் கடலோரத்திலிருந்து 1,700 மீட்டர் உயரத்துக்குக் காரை ஏற்ற வேண்டும், அதுவும் ஏசி போட்டு, ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு. எஞ்சின் சூடானால் உடனே ரேடியேட்டரை மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன்னால் எப்போது சூடாகிறது என்று கவனியுங்கள்.

டர்பன் நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் பெரும்பாலும் ரேடியேட்டர் ஃபேன்தான் கோளாறு. ஏசியைப் போட்டுப் பாருங்கள், அநேக வண்டிகளில் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கலாம். மாறாக, வழியிலுள்ள வேன் ரீனன் மலை ஏற்றத்தில் மட்டும் சூடானால் பெரும்பாலும் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைவு, அடைபட்ட ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப் இவற்றில் ஒன்று. கரும்புக் காட்டுப் பக்கம் ஓடும் வண்டி என்றால் ரேடியேட்டர் இடுக்குகளில் சாம்பலும் பூச்சியும் அப்பிக்கிடக்கும், எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரை மெதுவாகப் பீய்ச்சினாலே பாதி குணமாகும். மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலண்டுக்கு வழிவிடும் வால்வு) திறக்கவில்லை என்று சந்தேகப்படலாம்.

யாரும் கண்டுகொள்ளாத ஒன்று, ரேடியேட்டர் மூடி. அது அடக்கிவைக்கும் அழுத்தத்தால்தான் கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் உயரத்தில் வெறும் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், செலவு கொஞ்சம்தான்.

சிவப்பு தெர்மாமீட்டர் விளக்கு எரிந்தால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாக வைத்து (வியர்த்துக் கொட்டும், பரவாயில்லை), ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் கூலண்ட் வற்றிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஏறியிருந்த முள் திடீரென விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள், சென்சாரைத் தொடக் கூலண்டே இல்லாமல் போயிருக்கலாம். கூடவே பேட்டரி விளக்கும் எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கக்கூடும், பல வண்டிகளில் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்நேட்டரையும் வாட்டர் பம்பையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. சிவப்பு எண்ணெய்க் குவளை விளக்கு என்றால் ஒரு மீட்டர்கூட ஓட்டாதீர்கள். மஞ்சள் எஞ்சின் விளக்கு சும்மா எரிந்தால் நிதானமாக மெக்கானிக்கிடம் போகலாம். கண்சிமிட்டினால் வண்டியை நிறுத்திவிடுவதே நல்லது.

ரேடியேட்டர் மூடியை அரைமணி நேரமாவது ஆறவிட்டு, துணியைப் போட்டுத் திறவுங்கள். சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழலாம். எண்ணெய் மூடிக்கு அடியில் பால் காப்பி நிறத்தில் கூழ் தெரிகிறதா, புகைக்குழாயில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை விடாமல் வருகிறதா? சரி, அது பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருப்பதுதான், டோ டிரக்கைக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாக ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, குமிழி வருவது நிற்கும்வரை காற்றை வெளியேற்றிய பிறகு மூடியைப் போடுங்கள்.