ஹாஃப் மூன் பேக்குப் பூசணி வாங்கப் போகிறீர்களா?

அக்டோபர் வந்தாலே கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் நம் வீடுகளுக்கு வார இறுதி போதாது. ஒரு பக்கம் கொலு அழைப்புகள். இன்னொரு பக்கம், "கிளாஸ்ல எல்லாரும் பம்ப்கின் பேட்ச் போயிட்டு வந்துட்டாங்க" என்று, பூசணித் தோட்டம் போகச் சொல்லிப் பிள்ளைகளின் நச்சரிப்பு. ஊரிலிருந்து பெரியவர்கள் வந்திருந்தால் அவர்களுக்கும் எதையாவது காட்ட வேண்டும். ஃப்ரீமாண்ட்டில் இருக்கும் நாங்கள் வருடா வருடம் கடலோர ஊரான ஹாஃப் மூன் பே பக்கம்தான் போகிறோம். புதிதாகப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதை எல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில், பூசணி விழாவுக்குப் போகிறீர்களா, தோட்டத்துக்கா என்று முடிவு செய்யுங்கள். ஒரே நாளில் இரண்டும் வேண்டாம். 1971இல் தொடங்கிய ஆர்ட் அண்ட் பம்ப்கின் ஃபெஸ்டிவல், அக்டோபர் நடுவில் ஒரு சனி, ஞாயிறு நடக்கும். மெயின் ஸ்ட்ரீட்டில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, தெரு முழுக்கக் கைவினைக் கடைகள், பாட்டு, சாப்பாடு. சனிக்கிழமை ஊர்வலமும் உண்டு. அனுமதி இலவசம். அதனாலேயே கூட்டம் அள்ளும். தள்ளுவண்டியில் குழந்தை இருந்தால் நான் போகச் சொல்ல மாட்டேன்.

ராட்சதப் பூசணியைப் பார்க்க ஆசை என்றால் விழாவுக்கு முந்தைய திங்கள்கிழமை காலை, கொலம்பஸ் டே விடுமுறை அன்று, எடை போடும் போட்டிக்குப் போங்கள். 2023இல் மினசோட்டாவிலிருந்து ஒரு தோட்டக்கலை ஆசிரியர் கொண்டுவந்த காய் 2,749 பவுண்டு, அதாவது 1,247 கிலோ. அப்போது அது உலக சாதனை. ஃபோர்க்லிஃப்ட் வைத்துத்தான் தராசில் ஏற்றுகிறார்கள். எடை போடும்போது அப்பா, தாத்தாக்களின் முகத்தைப் பாருங்கள், பிள்ளைகளைவிட அவர்கள்தான் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள்.

மற்றபடி தோட்டம்தான் குடும்பத்துக்குச் சரி. 92ஆம் நெடுஞ்சாலை ஓரமாகவே லெமோஸ் ஃபார்ம் இருக்கிறது. குட்டி ரயில், குதிரைச் சவாரி, ஆட்டுக்குட்டிகள் என்று சின்னக் குழந்தைகளுக்குப் பொழுது போகும். எங்களுக்குப் பிடித்தது நெடுஞ்சாலை 1இல் இருக்கும் ஃபார்மர் ஜான்ஸ். விளையாட்டு குறைவு, பூசணி ரகங்கள் அதிகம். நேரமும் கட்டணமும் வருடத்துக்கு வருடம் மாறும், கிளம்புமுன் அவர்கள் தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் முன்பதிவு இல்லாமல் உள்ளே விடுவதில்லை.

பிள்ளைகள் பெரியவர்களாகி, சோளக்காட்டுப் புதிர்ப்பாதைதான் வேண்டும் என்று அடம் பிடித்தால் எதிர்த்திசையில் டிக்ஸனுக்குப் போக வேண்டும். ஐ-80 நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் கூல் பேட்ச் தோட்டம் 2014இல் 60 ஏக்கரில் பாதை வெட்டி கின்னஸ் சாதனை படைத்தது. வழி தெரியாமல் அவசர உதவிக்கு 911ஐ அழைத்தவர்கள் கதையெல்லாம் செய்தியில் வந்தது. உள்ளே போகும்போது கொடுக்கும் வரைபடத்தைக் கையிலேயே வைத்திருங்கள். அங்கே வெயில் கடுமை, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

இனி, வழி. சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் 92இல் மாட்டிக்கொண்டால் பூசணி வாங்கும் ஆசையே போய்விடும். 280 நெடுஞ்சாலையைத் தாண்டியதும் மலை வழி குறுகி, வண்டிகள் நகரவே நகராது. எட்டு மணிக்கே கிளம்பிவிடுங்கள். வார நாளில் பள்ளி விட்டதும் போக முடிந்தால் இன்னும் நிம்மதி. விழா நாளில் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பசிஃபிகா வழியாக நெடுஞ்சாலை 1இல் வரலாம், ஆனால் அந்தப் பாதையும் நெரிசலுக்குத் தப்புவதில்லை. தெற்கே இருப்பவர்களுக்கு 84 வழியாக லா ஹோண்டாவைச் சுற்றி வரும் பாதை அழகுதான். வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் மறந்துவிடுங்கள்.

ஃப்ரீமாண்ட்டில் வியர்த்தாலும் கடற்கரையில் குளிரும், ஆளுக்கொரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வைக்கோல் வண்டியில் உட்கார்ந்தால் காலைக் குத்தும், முழு பேன்ட் போட்டுவிடுங்கள். தள்ளுவண்டிச் சக்கரம் மண்ணில் சிக்கும். தோட்டங்களில் பெரும்பாலும் தற்காலிகக் கழிப்பறைதான். தண்ணீர் பாட்டிலும் டிஷ்யூவும் பையில் இருக்கட்டும், வயதானவர்கள் கூட வந்தால் இது ரொம்ப முக்கியம். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடாத இடங்கள் உண்டு. புளியோதரையையும் தயிர்சாதத்தையும் காரிலேயே வைத்து, டிக்கியைத் திறந்து சாப்பிட்டுவிட்டு உள்ளே போவது எங்கள் வழக்கம்.

காய் தேர்ந்தெடுப்பதில் என் மாமியாரை மிஞ்ச ஆளில்லை. ஆரஞ்சு நிறத்தில் வழவழவென்று இருக்கும் காய்களை ஏறிட்டும் பார்க்க மாட்டார். ஒரு காய் முன்னால் குந்தி, கட்டைவிரல் நகத்தைத் தோலில் லேசாக வைத்துப் பார்ப்பார். நகம் இறங்கினால், "இது பிஞ்சும்மா" என்று அடுத்ததற்கு நகர்ந்துவிடுவார். நகம் இறங்காவிட்டால்தான் முற்றிய காய். அப்புறம் அதைப் புரட்டி, அடிப்பாகம் மெத்தென்று இருக்கிறதா என்று தடவுவார். மண்ணில் பட்ட இடத்தில்தான் முதலில் அழுகும். காம்பு நீளமாக, பச்சையாக இருக்க வேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்கவே கூடாது, உடைந்தால் அந்த இடத்தில் அழுகல் பிடிக்கும். பிள்ளைகள் முதலில் செய்வதே அதுதான், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஹாலோவீனுக்கு முகம் செதுக்கும் பெரிய ஆரஞ்சுக் காய் சமையலுக்கு உதவாது. நீர்விட்டு, நார் நாராக, ருசியே இருக்காது. கூட்டுக்கும் சாம்பாருக்கும் ஃபேரிடேல் ரகத்தைத் தேடுங்கள். தட்டையாக, ஆழமான வரிகளோடு, பழுப்பேறிய நிறத்தில் இருக்கும். நம் ஊர்ப் பரங்கிக்காயின் இனமேதான். கிடைக்காவிட்டால் சுகர் பை என்ற சின்ன ரகம். உள்ளங்கையளவு குட்டிப் பூசணிகளும் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், கொலு முடிந்திருக்காவிட்டால் பார்க்கில் வைக்க நன்றாக இருக்கும்.

பல தோட்டங்களில் எடைக்கு விலை. பெரியவன் தூக்க முடியாத காயைத்தான் வேண்டும் என்பான். "நீயே கார் வரை தூக்கிக்கொண்டு வந்தால் வாங்கலாம்" என்பது எங்கள் வீட்டுச் சட்டம், பணமும் மிச்சம்.

வீட்டுக்கு வந்ததும் செதுக்க அவசரப்படாதீர்கள். முழுக் காய் நிழலில் வாரக்கணக்கில் தாங்கும், செதுக்கியது சில நாளிலேயே பூஞ்சை பிடித்துவிடும். ஹாலோவீனுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு கத்தி எடுத்தால் போதும். முடிந்ததும் மெழுகுவத்தியையும் அலங்காரத்தையும் எடுத்துவிட்டு, மட்கும் குப்பைக்கான பச்சைத் தொட்டியில் போடுங்கள். பெயின்ட் அடித்த காய் மட்டும் சாதாரணக் குப்பைக்கு.