அமசடக்குக்கு எதிர்ச்சொல் என்ன? கெல்லியின் கட்டத்தை நீங்களே போட்டுப் பாருங்கள்

உளவளத்துணை டிப்ளோமாவில் ஆளுமைக் கோட்பாடுகள் என்ற பகுதி வந்தபோது கொப்பி நிறைய எழுதி வைத்திருந்தேன். 1921இல் யுங்கின் அகமுகமும் புறமுகமும், 1923இல் பிராய்டின் இட், ஈகோ, சூப்பர் ஈகோ, அப்புறம் ஐசென்க், ரொஜர்ஸ், ஐம்பெரும் பண்புகள். எல்லாம் பாடம், ஒன்றும் தலைக்குள் இறங்கவில்லை. இறங்க வைத்தது ஒரு கட்டம்தான். ஜோர்ஜ் கெல்லி என்ற அமெரிக்க உளவியலாளர் 1955இல் வெளியிட்ட தன் கோட்பாட்டோடு தந்த ரெப்பட்டரி கிரிட், அதாவது நாம் ஆட்களை எந்தக் கோல்களால் அளக்கிறோம் என்று காட்டும் கட்டம். ஒரு பின்னேரம் போதும், போட்டுவிடலாம்.

கெல்லி எனக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஆளுமையை ஐந்து பண்புகளால் அளக்கும் ஐம்பெரும் பண்புகளின் வேர் ஆங்கில அகராதியில் இருக்கிறது. ஒல்போர்ட், ஒட்பேர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1936இல் ஆட்களைப் பற்றிப் பேச உதவும் ஏறத்தாழ 18,000 சொற்களை அதிலிருந்து பொறுக்கினார்கள். பின்னால் வந்தவர்கள் சலித்துச் சலித்து ஐந்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கெல்லியோ, ஒவ்வொரு மனிதனும் தன்னளவில் ஒரு விஞ்ஞானி, பிறரை அளக்க அவனிடமே கோல்கள் இருக்கின்றன, அவற்றைக் கேட்டு வாங்கினால் போதும் என்ற பக்கம் நின்றார். அவர் கன்ஸ்ட்ரக்ட் என்றதை நான் கோல் என்கிறேன், இரண்டு முனை இருப்பதால்.

முதலில் எட்டு மட்டை வெட்டுங்கள். நான், நான் ஆக நினைக்கும் ஆள், அம்மா, பிடித்த ஆசிரியர், பிடிக்காத ஆசிரியர், நெருங்கிய சிநேகிதர், ஒத்துவராத சொந்தக்காரர், வேலையிடத்து மேலாள். மட்டைக்கு ஒருவர். போனில் செய்யலாமே என்று கேட்காதீர்கள், கலைத்துப் போட்டு எடுக்கிற சுகம் அதில் இல்லை. போன வருசக் கலண்டர் மட்டைதான் என் தெரிவு. மெல்லிய தாளில் எழுதி விறாந்தையில் பரப்பியபோது கச்சான் காற்று ஒரு வீச்சில் மேலாளையும் அம்மாவையும் முற்றத்துக்குக் கொண்டுபோய்விட்டது. பிறகு தின்கிற கச்சான் (வேர்க்கடலை) சரையைத்தான் மேலே பாரமாக வைத்தேன்.

அடுத்து, மட்டைகளைக் கலைத்து மூன்றை எடுங்கள். எந்த இருவர் ஏதோ ஒரு வகையில் ஒன்று, மூன்றாமவர் எப்படி வேறு? "இவை இரண்டும் உவர்மலை, அவர் நிலாவெளி" என்று முதலில் வாயில் வரும். அது ஊர் விலாசம். "ஆளாக எப்படி?" என்று இன்னொரு தரம் கேளுங்கள். வருகிற பதிலை இடப்பக்கம் எழுதுங்கள், அதன் மறுமுனையை வலப்பக்கம். இப்படி எட்டுத் தரம்.

நான் வழுக்கி விழுந்தது இந்த மறுமுனையில். முதல் தரம் என் கோல்கள் இப்படி இருந்தன: நேர்மை–நேர்மையின்மை, அன்பு–அன்பின்மை, பொறுமை–பொறுமையின்மை. அகராதியில் பார்த்து எழுதினதுபோல. எண் போட்டபோது எனக்குப் பிடித்தவர்கள் எல்லாருக்கும் ஒரே எண், பிடிக்காதவர்களுக்கு இன்னொரு எண். "இது உங்கட கோல் இல்லை" என்று விரிவுரையாளர் திருப்பித் தந்துவிட்டார்.

விளங்க வைத்தது சின்னம்மா. பழக்கத்துக்காக அவவிடம் கேட்டுப் பார்த்தேன். இரண்டு பேரைக் காட்டி "கலகலப்பான ஆக்கள்" என்றா. மூன்றாமவர்?

"அமசடக்கு."

"அமைதியான ஆள் எண்டு போடட்டோ?"

"அமைதி வேற பிள்ளை. அமைதியான ஆள் உள்ளுக்க ஒண்டையும் வைச்சிருக்காது."

அவவின் கோலில் கலகலப்புக்கு எதிர்முனை அமைதி இல்லை, மறைத்து வைத்தல். எந்த அகராதியிலும் இதைப் பார்த்து எழுத முடியாது. ஆகவே எதிர்ச்சொல் என்ன என்று கேட்காதீர்கள். "இப்படி இல்லாத ஆள் உங்களுக்கு எப்படிப்பட்ட ஆள்?" என்று கேளுங்கள். வீட்டில் பேசும் சொல் வந்தால் அப்படியே எழுதுங்கள். எடுப்பு, வெள்ளந்தி, காரியகாரர் எதையும் திருத்த வேண்டாம்.

எண் போடுவது சுலபம். இடது முனை 1, வலது முனை 5. ஆள் ஆளாகப் போடாமல் கோல் கோலாகப் போடுங்கள். போட்ட வரிசையை மடித்து மறைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

பிறகு இரண்டு வரிசைகளை எடுத்து, ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டுங்கள். சின்னம்மாவின் கோல் எனக்கும் பொருந்தியதால் எடுத்துக்கொண்டேன். திரும்பச் செய்த என் கட்டத்தில், மேலே சொன்ன மட்டை ஒழுங்கில்:

கலகலப்பு–அமசடக்கு: 3, 1, 2, 2, 4, 1, 5, 5
நம்பிக் கதைக்கலாம்–அளந்து கதைக்கவேணும்: 2, 1, 2, 2, 4, 1, 5, 4

வித்தியாசம் மொத்தம் 2. எட்டுப் பேருக்கு ஆகக்கூடியது 32. அதாவது இரண்டு கோல் என்று நான் நினைத்தது என் மனதில் கிட்டத்தட்ட ஒன்றுதான். கதை குறைந்தவரை நான் நம்புவதில்லை. மேலாள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை, வாய் திறப்பது குறைவு, அவ்வளவுதான்.

கூட்டுத்தொகை 32க்குக் கிட்டப் போனால் தொடர்பு இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். கோல் தலைகீழாக நிற்கிறது. ஒரு வரிசையின் எண்களை 6இலிருந்து கழித்து மறுபடி கூட்டுங்கள். விட்டுக்கொடுப்பவர்–பிடிவாதக்காரர், காரியகாரர்–ஏமாளி என்ற என் இரண்டு கோலுக்கும் 26 வந்தது. புரட்டினால், விட்டுக்கொடுப்பவர் ஏமாளிப் பக்கம். எக்செல் வேண்டுமென்றால் இந்த இடத்தில் மட்டும் எடுங்கள்.

பிற்சேர்க்கை: வாசித்தவர்கள் இரண்டு விசயம் கேட்டார்கள். ஒருவர் எந்த முனையிலும் சேரவில்லை என்றால்? வெறுமையாக விடுங்கள், 3 போடாதீர்கள். 3 என்றால் நடுவில் நிற்கிறார், வெறுமை என்றால் அந்தக் கோல் அவருக்கு உதவாது. ஒவ்வொரு கோலுக்கும் பொருந்தும் எல்லை உண்டு என்று கெல்லியே சொல்லியிருக்கிறார். அந்த ஆளை இரண்டு வரிசையிலும் விட்டுவிட்டுக் கூட்டுங்கள், ஆகக்கூடியது 28 ஆகும்.

இன்னொருவரின் கட்டத்தை அவருடைய அக்கா பார்த்து, "ஒத்துவராத சொந்தக்காரர்" தான்தான் என்று கண்டுபிடித்துவிட்டாவாம். மட்டையில் பெயரை எழுதாமல் ஒரு எழுத்துப் போடுங்கள். அந்த எழுத்தும் பெயரின் முதல் எழுத்தாக இருக்க வேண்டாம்.