ரிசீவரில் 'ட்ரூஹெச்டி' என்று ஒளிர்ந்த கதை

ப்ளூரேயிலிருந்து எடுத்து வைத்த படம். ஒலித்தடம் ட்ரூஹெச்டி 7.1, அதாவது டால்பியின் தரம் குறையாத எட்டு சேனல் ஒலி. ஆனால் ரிசீவரின் (ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) சின்னத் திரையில் எப்போதும், ஒலியைச் சுருக்கும் பழைய வடிவமான 'டால்பி டிஜிட்டல்' என்றுதான் வரும். காதுக்கு மோசமில்லை என்பதால் ஆறு மாதம் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டேன்.

தப்பு வயரில் இருந்தது. கணினியை டிவியில் செருகி, அங்கிருந்து ஏஆர்சி (டிவியின் ஒலியை ஹெச்டிஎம்ஐ வயரிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாக ரிசீவருக்கு ஒலி அனுப்பிக்கொண்டிருந்தேன். சாதாரண ஏஆர்சியில் ட்ரூஹெச்டி போகாது, ஆப்டிகல் கேபிளிலும் அதே கதைதான். அந்தத் தடம் நொடிக்கு 18 மெகாபிட் வரை கேட்கும். டால்பி டிஜிட்டலுக்கு 640 கிலோபிட் போதும். படம் ஓட்ட நான் வைத்திருக்கும் கோடி (Kodi) மென்பொருளில் 'டால்பி டிஜிட்டலாக மாற்று' என்பதை நானே எப்போதோ டிக் செய்து வைத்திருந்ததால், எல்லாம் சுருங்கித்தான் போயிருக்கிறது.

சரி என்று கிராபிக்ஸ் கார்டின் ஹெச்டிஎம்ஐயை நேராக ரிசீவருக்கும், ரிசீவரிலிருந்து டிவிக்கும் மாற்றினேன். அப்புறமும் வரவில்லை! கோடியின் ஒலி அமைப்பில், விண்டோஸ் ஒலியை அனுப்பும் பழைய வழியான டைரக்ட்சவுண்ட் இருந்தது. விண்டோஸின் இன்னொரு ஒலி வழியான வாசாபி (WASAPI) என்று தொடங்கும் சாதனத்தைத் தேர்ந்தெடுத்து, பாஸ்த்ரூவை (ஒலியை மாற்றாமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது) இயக்கிய பிறகுதான் ட்ரூஹெச்டி, அதன் போட்டி வடிவமான டிடிஎஸ்-ஹெச்டி இரண்டுக்கும் டிக் போட முடிந்தது. வீடியோ பகுதியில் 'திரையோடு ஒத்திசை' என்பதையும் அணைத்தேன். அது இருந்தால் பாஸ்த்ரூ நடக்காது.

படத்தை மறுபடி ஓட்டினேன். ரிசீவரில் 'டக்' என்று ஒரு சத்தம், ஒரு நொடி மௌனம், பிறகு அந்த எழுத்துகள். படத்தைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.