சாயம் இறங்கிய போர்வை

பேத்திக்காக மூன்று மாதம் உட்கார்ந்து தைத்த ஒட்டுத்துணிப் போர்வை அது. தாத்தாவின் சட்டை, அவள் அம்மாவின் சின்ன வயதுக் கவுன் என்று ஆளுக்கொரு சதுரம். நடுவில் மட்டும் புதிதாக வாங்கிய அடர் சிவப்பு. அதை நனைக்காமலே வெட்டிவிட்டேன், அவசரம்!

முதல் சலவையிலேயே பக்கத்து வெள்ளைச் சதுரங்களெல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டன. வயிறு கலங்கிவிட்டது.

நல்லவேளை, காயப்போடவில்லை. காய்ந்துவிட்டால், அதிலும் இஸ்திரிச் சூடு பட்டால், கசிந்த சாயத்தை எடுப்பது பெரும்பாடு. குளியல் தொட்டி நிறைய நல்ல சூடான தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு கொஞ்சம். போர்வை மடிப்பில்லாமல் முழுக்க அமிழவேண்டும். இடம் குறைந்தால் சாயம் மறுபடி அதிலேயே ஒட்டும். 12 மணி நேரம் கழித்துப் பார்த்தால் தண்ணீர் சிவந்திருந்தது. மாற்றி மறுபடி ஊறவைத்தேன். மூன்றாவது முறைதான் தண்ணீர் தெளிந்தது, வெள்ளையும் திரும்பியது. ஒரு மூலையில் மட்டும் லேசான கறை. சரி என்று அதன்மேல் ஒரு பூ தைத்தேன். பேத்தி முதலில் தொட்டுப் பார்த்தது அந்தப் பூவைத்தான்!

இப்போதெல்லாம் அடர் நிறத் துணியை ஈரமாக்கி, வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்த பிறகுதான் கத்தரியை எடுக்கிறேன்.