புத்தகத்து வானிலையும் பினாங்கு வெயிலும்: புதிய அறிவியல் விரிவுரையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் ஒரு கல்லூரியில் அறிவியல் நடத்தத் தொடங்கி எனக்கு இது இரண்டாவது ஆண்டு. முதல் பருவத்தில் நிறையத் தவறுகள் செய்தேன். பாடம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாடம் எங்கோ குளிர் ஊரில் இருந்து எழுதப்பட்டது, நான் நடத்துவது நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தீவில் என்பது அப்போது மனதில் ஏறவில்லை. இந்த ஆண்டு வேலையில் சேர்ந்திருப்பவர்களுக்காக, நான் இடறிய இடங்களைச் சொல்கிறேன்.

கேட்ட நொடியில் பதில் சொல்வது

எங்கள் கல்லூரி வாசலில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நிற்கிறது. மலாயில் அதற்குப் ‘புக்குல் லீமா’ என்று ஒரு பெயர் உண்டு. ஐந்து மணி என்று பொருள். சாயங்காலம் ஆனால் அதன் சிற்றிலைகள் கைகூப்புவதுபோல் மடங்கிக்கொள்ளும், அதனால் வந்த பெயர். ஒரு நாள் பேருந்துக்குக் காத்திருந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: “மிஸ், மணி அஞ்சே கால் ஆச்சு. மரம் இன்னும் முழிச்சிக்கிட்டுத்தானே இருக்கு? அப்புறம் ஏன் அந்தப் பேரு?”

நான் யோசிக்கவே இல்லை. “பேர்ல எல்லாம் அறிவியல் தேடக்கூடாதும்மா, சும்மா ஒரு கணக்குக்கு வச்சிருப்பாங்க” என்று சொல்லிவிட்டேன். அவள் தலையாட்டினாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் வகுப்பில் அவள் வாயே திறக்கவில்லை.

அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. தேடிப் பார்த்தபோதுதான் புரிந்தது. மரம் மாறவில்லை, நம் கடிகாரம் மாறியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே நேரம் கிரீன்விச்சைவிட 7 மணி முன்னால் இருந்தது. 1930களில் 20 நிமிடம் கூட்டினார்கள். 1941இல் அது ஏழரை மணியானது. ஜப்பானியர் காலத்தில் தோக்கியோ நேரம் வந்து போனது. கடைசியாக 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா முழுக்க அரை மணி கூட்டி 8 மணி ஆக்கினார்கள். ஆக, நூறு வருடத்துக்கு முந்தைய ஐந்து மணி இன்றைய கடிகாரத்தில் ஆறு மணி. அந்தப் பெண் பார்த்தது சரி. அவள் கவனித்ததை நான்தான் கவனிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவளிடம், நான் சொன்னது தவறு என்று சொன்னேன். அன்று மாலையே நாலைந்து பேர் மரத்தடியில் நின்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் எடுத்தார்கள். இலை எப்படி மடங்குகிறது என்ற கேள்வி அங்கிருந்து வந்தது. சிற்றிலையின் அடியில் ஒரு சின்னப் புடைப்பு இருக்கிறது. அதில் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேற, கூடவே தண்ணீரும் வெளியேற, அந்தப் பக்கம் தளர்ந்து இலை சாய்கிறது. தாவரத்துக்குள் ஓடும் கடிகாரமும் வெளிச்சமும் சேர்ந்து இதை நடத்துகின்றன. மழை மூட்டமான நாளில் முன்னதாகவே மடங்குவதை அவர்களே இன்னொரு நாள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். சவ்வூடு பரவலை நான் கரும்பலகையில் இரண்டு மணி நேரம் நடத்தியும் இந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்ததில்லை.

அதனால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். “பார்த்துட்டு வந்து சொல்றேன்” என்றால் கட்டாயம் பார்த்துவிட்டு வாருங்கள். நான் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். கேள்வி, கேட்டவர் பெயர், தேதி, அவ்வளவுதான். அடுத்த வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் அந்த நோட்டுக்கு. சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோவது தப்பான பதிலைவிட மோசம் என்றுதான் நினைக்கிறேன். தப்பான பதிலையாவது பிறகு திருத்தலாம்.

புத்தகத்து வானிலையை நம் ஊர் வானிலை என்று எடுத்துக்கொள்வது

சீப்பைத் தலைமுடியில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளைத் தூக்கும் சோதனை எல்லோருக்கும் தெரியும். நானும் முதல் வாரத்திலேயே பெருமையாகச் செய்து காட்டப்போனேன். ஒரு துணுக்குகூட அசையவில்லை. பிழை சீப்பில் இல்லை, காற்றில். இங்கே காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரம் பொருள்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமாகப் படிந்து, சேருகிற மின்னூட்டத்தை உடனுக்குடன் வழியவிட்டுவிடுகிறது. போதாததற்குத் தலையில் தேங்காய் எண்ணெய் வேறு. குளிர்சாதனத்தை முன்கூட்டியே ஓடவிட்டு அறையை உலர வையுங்கள். சீப்பையும் துணியையும் முடி உலர்த்தும் கருவியால் ஒரு நிமிடம் சூடாக்குங்கள். அப்புறம் செய்தால் துணுக்குகள் துள்ளி ஒட்டும். அதைவிட நல்லது, முதலில் ஈர அறையில் தோற்றுக் காட்டி, பிறகு உலர்ந்த அறையில் செய்து காட்டுவது. ஏன் என்ற கேள்வி மாணவர்களிடமிருந்தே வரும்.

சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளும் அப்படித்தான். தராசில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை ஈரத்தை இழுத்துப் பளபளவென்று நனைந்துவிடும். எடையை வைத்துச் செறிவைக் கணக்கிட்டு அப்படியே நம்பாதீர்கள். செறிவு சரியாகத் தெரிந்த அமிலத்தோடு ஒருமுறை தரம்பார்த்தல் செய்துவிட்டுத்தான் மாணவர் கையில் கொடுக்க வேண்டும்.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது 24 லிட்டர் கணக்கு. அறை நிலையில் ஒரு மோல் வாயு 24 லிட்டர் இடம் பிடிக்கும் என்று பள்ளியில் எஸ்பிஎம் தேர்வுக்குப் படித்த காலத்திலிருந்தே மனப்பாடம் செய்து வருகிறோம். எந்த அறை? வாயுச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் 24 லிட்டர் வருவது 20 பாகை வெப்பநிலையில். 25 பாகைக்கு ஏறத்தாழ 24.5 லிட்டர். பினாங்கில் மதியம் காற்றாடி மட்டும் ஓடுகிற ஆய்வுக்கூடத்தில் 31 பாகை இருக்கும். அங்கே ஒரு மோல் கிட்டத்தட்ட 25 லிட்டர். வாயுவைக் கவனமாகச் சேகரித்து அளந்த ஒரு மாணவனுக்கு நான்கு சதவீதம் கூடுதலாக வந்தது. ‘அளவீட்டுப் பிழை’ என்று அவன் அறிக்கையில் சிவப்பு மையால் எழுதினேன். பிழை அவனுடையது அல்ல. நீருக்கு மேல் சேகரித்தால் நீராவியின் பங்கும் சேர்ந்துகொள்ளும், அந்தக் கணக்கு தனி. இப்போதெல்லாம் ஒவ்வொரு செய்முறையின் தொடக்கத்திலும் அறையின் வெப்பநிலையைப் பலகையில் எழுதிவிட்டுத்தான் தொடங்குகிறோம்.

தேங்காய் எண்ணெய் கதை இதற்கு நேர் எதிர். தமிழ்நாட்டில் மார்கழியில் எண்ணெய் உறையும் என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்கே சமையலறையில் அது உறைந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். உருகுநிலை சுமார் 24 பாகை, நம் ஊரோ அதற்கு மேலேயே இருக்கிறது. ஆனால் குளிர்சாதனம் ஓடும் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனைக் குழாயில் ஊற்றி வைத்தால் வெள்ளையாகக் கெட்டிப்பட்டுவிடும். உருகுதலைக் காட்ட நாஃப்தலீனைச் சூடாக்கி அந்த நெடியை முகர வேண்டியதில்லை. உள்ளங்கைச் சூடே போதும். எண்ணெய் ஒரு கலவை என்பதால் வெப்பநிலை வரைபடத்தில் நாஃப்தலீன் போலத் தெளிவான கிடைக்கோடு வராது. ஏன் வரவில்லை என்று கேளுங்கள், தூய பொருளுக்கும் கலவைக்கும் உள்ள வேறுபாடு அங்கேயே வந்துவிடும்.

ஒரே காரணம் சொல்லி முடித்துவிடுவது

தே தாரிக் எனும் பால் தேநீரை ஏன் ஆற்றுகிறார்கள் என்று கேட்டால், “காற்று பட்டு ஆறுது” என்பதோடு நிறுத்திவிடுகிறோம். காற்று எதை எடுத்துக்கொண்டு போகிறது என்பதுதான் பாடம். உயரத்திலிருந்து நீண்டு விழும்போது தேநீரின் மேற்பரப்பு பல மடங்கு கூடுகிறது, அந்தப் பரப்பிலிருந்து நீர் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,300 ஜூல் வேண்டும். 200 கிராம் தேநீரிலிருந்து ஒரே ஒரு கிராம் ஆவியானால் மீதியின் வெப்பநிலை ஏறத்தாழ 2.8 பாகை இறங்கிவிடும். பத்துத் தடவை ஆற்றும்போது என்ன ஆகும் என்று அவர்களே போட்டுப் பார்க்கட்டும்.

அப்போது ஒருவன் மடக்கினான்: “மிஸ், காத்துல ஈரம் அதிகம், துணியே காயல. தேத்தண்ணி மட்டும் எப்படி ஆவியாகும்?” நல்ல கேள்வி. துணி அறையின் சூட்டில் இருக்கிறது, தேநீர் 70 பாகையில் இருக்கிறது. 70 பாகை நீரின் ஆவி அழுத்தம், 31 பாகைக் காற்று முழுவதும் ஈரமாக இருந்தாலும் அதில் இருக்கக்கூடிய ஆவி அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு. அதனால் ஈரக் காற்றாலும் அதைத் தடுக்க முடியாது. இந்தப் பதிலுக்கு நான் ஒரு நாள் எடுத்துக்கொண்டேன். நோட்டில் இருக்கிறது.

மொழியைத் தடை என்று மட்டும் பார்ப்பது

எங்கள் வகுப்பில் மூன்று மொழிகள் ஓடுகின்றன. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவர்கள், இடைநிலைப்பள்ளியில் அறிவியலை மலாயில் படித்தவர்கள், 2003இல் தொடங்கிய திட்டத்தில் ஆங்கிலத்தில் படித்தவர்களின் தம்பி தங்கைகள் என்று எல்லோரும் ஒரே அறையில். கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம். சொல் புரியாததைப் பாடம் புரியாததாக எண்ணிவிடுவது புதியவர்கள் செய்கிற பெரிய பிழை. மலாயில் ‘குவாசா’ என்பது இயற்பியலில் திறன், கணிதத்தில் அடுக்கு, தெருவில் அதிகாரம். ‘டாயா’ என்றால் விசை. இவற்றை மனதுக்குள் மாற்றிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இரண்டு நொடி கூடுதலாக வேண்டும். கேட்டுவிட்டு அந்த இரண்டு நொடி பொறுத்திருங்கள்.

சில இடங்களில் மொழி நமக்கு உதவவும் செய்யும். மலாயில் லாஜு, ஹலாஜு என்று இரண்டு சொற்களைப் பிள்ளைகள் குழப்பிக்கொள்கிறார்கள். தமிழில் ஒன்று வேகம், மற்றது திசைவேகம். திசை சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஒருமுறை இதைச் சொன்னபோது சீன மாணவன் ஒருவன் ‘திசை’ என்ற சொல்லையே கற்றுக்கொண்டு போனான். இன்னொன்று: தமிழ்ப் பிள்ளைகளிடம் மட்டும் தமிழில் விளக்கிவிட்டு மற்றவர்களைப் பார்க்க வைக்காதீர்கள். தமிழில் சொன்னதை அடுத்த மூச்சில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

செய்து பார்க்காத சோதனையை வகுப்பில் செய்யாதீர்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

உச்சி வெயில் 12 மணிக்கு என்று நம்புவது

நிழல் அளக்கும் செய்முறைக்கு மாணவர்களைச் சரியாக 12 மணிக்குத் திடலுக்கு வரச் சொன்னேன். பின்வரிசையில் இருந்த தமிழ் முஸ்லிம் மாணவர் கையைத் தூக்கினார்: “மிஸ், லுஹர் பாங்கே ஒண்ணு இருபதுக்குத்தானே சொல்றாங்க? சூரியன் உச்சி தாண்டினாத்தான் லுஹர்.” லுஹர் என்பது நண்பகல் தொழுகை, பாங்கு அதற்கான அழைப்பு. அவர் சொன்னது முழுக்கச் சரி. கடிகாரத்தை 120 பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்திருக்கிறோம், பினாங்கோ 100 பாகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம், ஆக ஒரு மணி இருபது நிமிடம் பிந்தித்தான் நமக்கு உச்சிவேளை. தூங்குமூஞ்சி மரத்தின் கதையும் இதுவேதான். கடிகாரமே அறிவியலுக்குள் வந்துவிட்ட பிறகு, அந்தப் பாங்கு ஒலி எனக்கு வேறு மாதிரி கேட்கிறது.

சூரியன் நேர் உச்சியில் நின்று நிழலே விழாத நாள் மார்ச் 21 என்று புத்தகம் சொல்வது நிலநடுக்கோட்டுக்கு. ஜார்ஜ்டவுன் 5.4 பாகை வடக்கே இருப்பதால் நமக்கு அது ஏப்ரல் 3 அல்லது 4, மறுபடி செப்டம்பர் 9ஐ ஒட்டி. கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு மார்ச் 28 வாக்கிலும் செப்டம்பர் 15 வாக்கிலும். பினாங்கில் நிழல் மறையும் நேரம் ஏப்ரலில் பிற்பகல் 1:22, செப்டம்பரில் 1:16. சமதளமான சிமெண்டுத் தரையில் ஒரு தண்ணீர் போத்தலை நேராக நிறுத்தி, ஒரு மணியிலிருந்தே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் சுண்ணாம்புக்கட்டியால் புள்ளி வையுங்கள். லுஹர் தொழுகைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள், அதனால் புள்ளி வைக்கும் வேலையை இரண்டு அணியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தொப்பியும் குடிதண்ணீரும் எல்லோரிடமும் இருக்கட்டும்.