செய்தியோடை: புதிதாகச் சேர்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தளத்தில் புதிதாக வந்த பதிவுகளைப் பட்டியலிடும் கோப்புதான் செய்தியோடை. பல தளங்களின் ஓடைகளை ஒரே இடத்தில் படிக்க உதவும் செயலியோ இணையச் சேவையோ திரட்டி. போன வாரம் நண்பர் ஒருவர் செய்தியோடைகளைப் படிக்கத் தொடங்கினார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், தொடக்கத்தில் நான் செய்த அதே தவறுகள். முகவரியை மாற்றி ஒட்டுவது போன்றவை அப்போதே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆரஞ்சு சின்னம் இல்லையென்றால் ஓடையும் இல்லை என்று நினைப்பது

ஓடை உண்டு என்று காட்டும் அந்தச் சின்னத்தை எடுத்துவிட்ட பல தளங்களில் ஓடை இன்னும் இருக்கிறது. அதன் முகவரி பக்கத்தின் மூலநிரலில் இருக்கும். முகப்பு முகவரியைத் திரட்டியில் ஒட்டினால் பெரும்பாலும் அதுவே கண்டுபிடித்துவிடும்.

ஆர்எஸ்எஸ்ஸா, ஆட்டமா என்று குழம்புவது

ஓடையை எழுதும் இரண்டு வடிவங்கள் இவை. எதுவானாலும் சரி. திரட்டி இரண்டையும் படிக்கும்.

சந்தாப் பட்டியலுக்கு நகல் எடுக்காதது

இது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறு வருடம் ஒவ்வொன்றாகச் சேர்த்த இருநூற்றுச் சொச்சம் ஓடைகளை ஓர் இணையச் சேவையில் வைத்திருந்தேன். அதை மூடப்போவதாக வந்த மின்னஞ்சலை நான் பார்க்கவில்லை. திரும்பப் போனபோது உள்ளே நுழையும் பக்கமே இல்லை. பெரிய தளங்களை நினைவிலிருந்து மீட்டுவிட்டேன். வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் எழுதுபவர்கள்தான் போய்விட்டார்கள். பெயரும் நினைவில்லை, முகவரியும் நினைவில்லை. தினமும் எழுதுபவரின் தளத்துக்கு நாமே போய்விடுவோம். எப்போதாவது எழுதுபவர்களுக்காகத்தானே ஓடையே தேவைப்படுகிறது!

மின்னஞ்சல் சந்தா என்றால் உங்கள் முகவரி தளத்துக்காரரிடம் இருக்கும். ஓடையில் அப்படி இல்லை. தளம் ஒரு கோப்பை வைத்திருக்கும், அவ்வளவுதான். உங்கள் திரட்டிதான் அவ்வப்போது போய், புதிதாக ஏதாவது உண்டா என்று பார்த்து வரும். யார் பெயரும் தளத்தில் பதிவாகாது. உங்கள் அந்தரங்கத்துக்கு இது நல்லது. ஆனால் எதையெல்லாம் படிக்கிறீர்கள் என்ற பட்டியல் திரட்டியில் மட்டுமே இருக்கும். அது போனால் கேட்டு வாங்க ஆள் கிடையாது. பெரிய நிறுவனம் நடத்துகிறது என்றும் தைரியமாக இருக்க முடியாது. கூகுள் நடத்திய திரட்டியான கூகுள் ரீடரே 2013 ஜூலை 1-ல் மூடப்பட்டது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. அமைப்புகளில் 'ஏற்றுமதி' இருக்கும். அழுத்தினால் உங்கள் சந்தாப் பட்டியல் அடங்கிய, ஓபிஎம்எல் என்ற சிறிய கோப்பு கிடைக்கும். அதை உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். அநேகமாக எந்தத் திரட்டியும் அதை ஏற்றுக்கொள்ளும். புதிதாகப் பத்து ஓடை சேர்த்தால் மறுபடி ஒரு நகல். நண்பரிடம் சொன்னேன், "அப்புறம் எடுத்துக்கறேன்" என்றார். எழுந்து போகவிடாமல் அங்கேயே எடுக்க வைத்தேன்.

ஒரே நாளில் நூறு ஓடைகள்

வேண்டாம்.

ஓடையைக் களஞ்சியம் என்று நம்புவது

ஓடையில் பொதுவாகக் கடைசிச் சில பதிவுகள்தான் இருக்கும். பல தளங்கள் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளில், தளத்துக்காரர் வேறு எண் கொடுக்காவிட்டால் 10. உங்கள் திரட்டி கணினியில் மட்டும் ஓடும் வகையென்றால், அது மூடியிருக்கும்போது எதையும் எடுக்காது. மாதம் ஒன்று எழுதுபவரிடம் இதனால் நட்டமில்லை. நாளுக்கு இருபது செய்தி போடும் தளத்தில், காலையில் வந்தது சாயங்காலத்துக்குள் ஓடையிலிருந்து போயிருக்கும்.